பவளக் குடுவையின் வயிற்றில்

ஆம்ப்ரோஸ் லாட்டிமர் சோளக் கஞ்சியில் வெண்ணெய் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒஸெல்லா கிரிம்ஸ்லி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். தெற்கு அலபாமாவில் சனிக்கிழமை காலை அப்படி யாரும் வருவதில்லை.

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ், என் செடி எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. செடிக் கண்காட்சியில, என்னை மாதிரியே செடி வளர்க்கிற ராய்ஸ் டில்மன் மேசை மேல. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தன் பேர்ல பதிவு பண்ணப் போறான்."

ஆம்ப்ரோஸ் முப்பது வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். அடுத்தவர் பொய்யை ஓர் எழுத்து விடாமல் எழுதி எழுதி, அதன் நடை அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றபின் ஊராரின் சிக்கல்கள் அவர் வீட்டுக்கே வந்தன. நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அதற்குள் அவர் மைத்துனி டெஸ்ஸி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், காலணியை மாட்டத் தொடங்கியிருந்தாள்.

ஒஸெல்லா வளர்ப்பது பூச்சி தின்னும் குடுவைச் செடிகள். பதினோரு வருடத்துக்கு முன் வெள்ளைத் தலைச் செடி ஒன்றையும் சிவப்பு ஒன்றையும் இணை சேர்த்தார். முளைத்தவை நானூறு. நிறம் மங்கியதையும் கழுத்து கோணியதையும் கோடைதோறும் கழித்ததில் மிஞ்சியது ஒன்றுதான்: பவள நிறக் குடுவை, பால் வெள்ளை மூடி, அதில் ரத்த நாளம் போல் கோடுகள். ஒன்பது நாளுக்கு முன் அது தொட்டியோடு காணாமல் போனது.

"போட்டோ இல்லையா?" என்றாள் டெஸ்ஸி.

"இருக்கு. அதே தாய்ச்செடியோட விதையை நானும் வாங்கினேன், எனக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சுங்கிறான்."

வழியில் ஒஸெல்லாவின் வீட்டில் இறங்கினார்கள். செடி நின்ற இடம் முகப்பின் ஓரம், படிக்குப் பக்கத்தில். டெஸ்ஸி குனிந்து காலடித் தடம் தேடினாள். ஆம்ப்ரோஸ் அண்ணாந்து முகப்புக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பளிச்சென்ற இளநீலம்.

"எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

"மூணு வாரம் இருக்கும். பழைய நீலத்தைச் சுரண்டவே ரெண்டு நாள் ஆச்சு. காத்துல பறந்து எங்க டீயிலகூட விழுந்துச்சு."

படி இடுக்கிலிருந்து நகத்தளவு துணுக்கு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கரும்பச்சை.

"பச்சை எங்கப்பா அடிச்சது," என்றார் ஒஸெல்லா. "படகுக்கு வாங்கி மிஞ்சின பெயிண்ட்."

ஆம்ப்ரோஸ் அதை உறையிலிட்டு ஒட்டினார்.

கண்காட்சிக் கூடத்தில் ராய்ஸ் தொப்பியைத் தொட்டு வணங்கினார். "உங்க வருத்தம் புரியுது மிஸ் ஒஸெல்லா. உலகத்துல ஒரே ஜாடையில ரெண்டு பேர் பிறக்கிறதில்லையா?"

"எங்க வளர்த்தீங்க?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"என் கண்ணாடி வீட்டுல, சார். ஏழு வருஷமா வெளிக்காத்து பட்டதில்ல. ரெட்டை வலைக் கதவு. ஒரு கொசு உள்ள போனதில்ல."

ஆம்ப்ரோஸ் நடுவர் திருமதி வெல்பர்ன் பக்கம் திரும்பினார். "அப்ப குடுவை காலியா இருக்கணும், மேடம். உங்க கையாலயே ஒண்ணை வெட்டிப் பாருங்க. நாங்க கிட்ட வரல."

ராய்ஸின் குரல் உயர்ந்தது. "பரிசுச் செடியை வெட்டறதா? மனசாட்சி உள்ளவன் செய்வானா?"

கூட்டம் ராய்ஸ் பக்கம் முணுமுணுத்தது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஒஸெல்லாவுக்குச் செடியும் போகும், பேரும் போகும். அந்த உயரமான குடுவையை அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"வெட்டிப் பாருங்க," என்றார். "உயிர் கிழங்குல இருக்கு. அடுத்த மாசம் இன்னொண்ணு வரும்."

"சாலொமோன் ராஜா கதை தலைகீழா நடக்குது. அதுல பிள்ளையை வெட்டாதீங்கன்னவதான் நிஜத் தாய்," என்று டெஸ்ஸி முணுமுணுத்தாள்.

கத்தி மெல்ல இறங்கியது. ஈக்கள், எறும்புகள், இரண்டு குளவிகள், எல்லாம் அரைச் சாண் உயரத்துக்கு அடைந்து கிடந்தன.

"வர்ற வழியில விழுந்திருக்கும்," என்றார் ராய்ஸ்.

"இவ்வளவுமா?" என்றார் ஆம்ப்ரோஸ் நிதானமாக. "முதல்ல விழுந்தது அடியில இருக்கும். கடைசிவரைக்கும் போங்க, மேடம்."

நடுவர் ஊசியால் கிளறினார். எறும்புகளுக்கும் கீழே நான்கு நீலத் துணுக்குகள் இருந்தன. ஒன்றைப் புரட்டினார். பின்பக்கம் கரும்பச்சை. ஆம்ப்ரோஸ் உறையை நீட்டினார். நடுவர் பிரித்து, இரண்டையும் வெள்ளைத் தாளில் அருகருகே வைத்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி இந்தக் குடுவை வாயைத் திறந்த சமயத்துல, மிஸ் ஒஸெல்லா வீட்டுக் கூரையைச் சுரண்டினாங்க. நீலத்துக்கு அடியில படகுப் பச்சை அடிச்ச கூரை இந்த ஊர்ல அது ஒண்ணுதான். எடுத்துட்டுப் போனவர் வெளியில எல்லாம் துடைச்சார். வயித்துக்குள்ள கை விட அவருக்குத் தோணல."

ராய்ஸ் கதவை நோக்கி நடந்தார். எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்த காவல் அதிகாரி கோப்பையை வைத்துவிட்டுப் பின்தொடர்ந்தார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பிளந்த குடுவையோடே செடிக்கு முதல் பரிசு நாடாவைக் கட்டிய நடுவர், பதிவுப் படிவத்தை ஒஸெல்லாவின் முன் வைத்தார்.

"வளர்த்தவர் ஒஸெல்லா கிரிம்ஸ்லி. செடிக்கு என்ன பேர்?"

ஒஸெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வெட்டிப் பார்," என்றார்.

நடுவர் மறுபேச்சில்லாமல் பெரிய எழுத்தில் எழுதினார்.