இருபதாவது ஓட்டு

ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர். ஆனால் ஓட்டு இருபது விழுந்திருந்தது.

சுற்றுலா போவது குகைக்கா, கோளரங்கத்துக்கா? கணினி அறையில் ஒவ்வொருவராகப் போய், பிடித்த படத்தின் மேல் மவுஸை ஒரு முறை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

"குகை பத்து, கோளரங்கம் பத்து. யாரோ ரெண்டு தடவ அழுத்திட்டீங்களே!" என்றார் எலிசவேத்தா டீச்சர்.

ரலித்சா யோசிக்கவே இல்லை. "கலினாவாத்தான் இருக்கும் டீச்சர்! ஒரு வாரமா கோளரங்கம், கோளரங்கம்னு என் உயிர வாங்கிட்டு இருந்தா."

கலினா அவளுடைய பக்கத்து இருக்கைக்காரி. முகம் சிவந்துபோனாள். "நான் ஒரு தடவதான் அழுத்தினேன்!"

டீச்சர் எல்லோரையும் கை தூக்கச் சொல்லி மறுபடி எண்ணினார். குகை பத்து, கோளரங்கம் ஒன்பது.

"கூட விழுந்தது கோளரங்கத்துக்குத்தான்! மாட்டிக்கிட்டா ரெட்டை ஓட்டு!" என்று கத்தினான் தேயன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலினா முன் வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தாள். குகைக்குச் சுற்றுலா போனபோதும் அவள் வரவில்லை.

அடுத்த வாரம் ரலித்சா ஓட்டுப் போட்ட அதே கணினியில் பாடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பாடத்தில் சேர்க்க ஒரு படத்தை ஒரு முறை அழுத்தினாள். இரண்டு படங்கள் வந்து விழுந்தன.

"என்ன இது, விக்கல் வந்துடுச்சா?"

மவுஸைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினாள். பொத்தானின் இடுக்கில் இருந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தாள். மறுபடியும் அதேதான். கழற்றிப் பக்கத்துக் கணினியில் செருகினாள். அங்கேயும் விக்கல். அந்தக் கணினியின் மவுஸோ இங்கே ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை, மவுஸில்தான்.

ஓட்டுப் பக்கத்தைத் திறந்தாள். மெதுவாக, எண்ணி எண்ணி இருபது முறை அழுத்தினாள். திரையில் இருபத்திரண்டு!

ரலித்சா மவுஸைக் கீழே வைத்தாள். யார் அழுத்தியபோது விக்கியதோ, யாருக்குத் தெரியும்? கலினாவாக இருக்கலாம். கோளரங்கத்துக்குப் போட்ட வேறு யாராகவும் இருக்கலாம். ரலித்சாவும் கோளரங்கத்துக்குத்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை வகுப்பில் எழுந்து நின்றாள். மவுஸைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு தடவ அழுத்தினது இதுதான். இதோட பொத்தான் கெட்டுப்போச்சு. நான்தான் பாக்காம, கேக்காம கலினா மேல பழி போட்டேன்."

தேயன் வந்து தானே அழுத்திப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே போய் உட்கார்ந்தான். டீச்சர் அந்த மவுஸை வாங்கி, 'பழுது' என்று எழுதி ஒட்டினார்.

இடைவேளையில் ரலித்சா முன் வரிசைக்குப் போனாள். கையில் ஒரு துண்டு பனித்சா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பலகாரம். கலினா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுடு கலினா."

"நான் சொன்னப்போ நீ நம்பல."

"ஆமா."

"குகை எப்படி இருந்துச்சு?"

"நல்லாவே இல்ல. பஸ்ல என் பக்கத்து சீட்டு காலி."

கலினா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உக்காரு. ஆனா இன்னிக்குப் பேச மாட்டேன்."

"நாளைக்கு?"

"பாக்கலாம்."

ரலித்சா உட்கார்ந்தாள். பனித்சாவை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை மெல்ல நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேசாமலேயே கலினா அதை எடுத்துக் கடித்தாள்.