இலவச வாட்டர் வாஷ்

மூன்றாவது ஒர்க்‌ஷாப்பின் வாசலில் காரை நிறுத்தியதும் அவள் செய்த முதல் வேலை, வலது காலைத் தூக்கிப் பார்த்ததுதான். உள்ளங்கால் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதவைத் திறந்து, தரையில் கிடந்த சாக்கில் பரபரவென்று தேய்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டித்தான் அவளுக்குப் பழக்கம். அதை நினைத்தாலே இப்போது குமட்டியது.

"என்னம்மா கம்ப்ளைன்ட்?" மெக்கானிக் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். மழுமழுவென்று மொட்டைத் தலை.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குதுண்ணே. முதல்ல பெடல் லேசாத்தான் இறங்குச்சு. ஒரு கடையில குடுத்து வாங்கினதுக்கப்புறம் பொதபொதன்னு உள்ள போகுது. ரெண்டாவது கடையில பேட் மாத்தினாங்க, சிலிண்டர் மாத்தினாங்க. ஒரு வாரம் தாங்கல."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பெடல் இரும்பு மாதிரியே இல்லை. மல்லாந்து படுத்திருக்கும் ஆளின் வயிற்றில் கால் வைத்தது போல வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. லேசாக ஏறி இறங்கவும் செய்தது.

வீட்டில் சொன்னதற்கு, "வண்டியையே குறை சொல்லு. கோளாறு உன் கால்லதான்" என்று கணவன் சிரித்தான். அவனுக்கென்ன, பஸ்ஸில் போகிறவன். எட்டு வயது மகளை ஏற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடச் சரிவில் இறங்குகிறவள் அவள்தானே. கேட்டுக்கு முன்னால் பொடிசுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நேற்று ஒரு குழந்தையின் புத்தகப் பைக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. இரவெல்லாம் அவள் தூங்கவில்லை.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "பிரேக் ஆயில் பைப்புல காத்து இருக்கும், எடுத்துடலாம். நீங்க உக்காந்து மிதிங்க. கீழ இருந்து சொல்வேன். அமுக்குங்கன்னா அமுக்கணும், பிடிங்கன்னா அப்படியே பிடிச்சுக்கணும். விடுங்கன்னு சொல்லாம காலை எடுத்துடாதீங்க. காத்து திரும்ப உள்ள போயிடும்."

சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்பக்கம் போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலில் காலை வைத்தாள்.

"அமுக்குங்க." கீழிருந்து குரல் வந்தது.

அமுக்கினாள்.

"பிடிங்க."

பிடித்தாள். காலடியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. மூடி வைத்து மறந்துபோன பழைய கறியின் வாடை. சேச்சே! மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"விடாதீங்க. இன்னும் பிடிங்க."

கால்விரல் இடுக்குகளில் பிசுபிசுவென்று ஏதோ ஊறியது.

"அண்ணே, விடலாமா?"

"என்னத்தைம்மா விடப்போறீங்க?"

அந்தக் குரல் கீழிருந்து வரவில்லை. ரப்பர் குழாயும் கையுமாக மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"குழாய் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தேன். நான் இன்னும் கீழயே போகலையே."

அவள் அலறியடித்துக்கொண்டு வெளியே குதித்தாள். அவள் உளறியதைக் கேட்டுவிட்டு அவர் டார்ச்சோடு வண்டிக்கடியில் புகுந்தார். திரும்பி வந்தபோது குறட்டின் நுனியில் ஒரு சட்டைத் துணிக் கிழிசல் தொங்கியது. அதோடு உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த தோல். தோலில் முடி.

முப்பது வருஷம் கிரீஸில் புரண்ட மனிதர், சுவரோரம் ஓடிப்போய் ஓங்கரித்தார்.

"முதல்ல எந்தக் கடையில விட்டீங்க?"

சொன்னாள்.

"ஜாக் நழுவி ஒரு மனுஷன் நசுங்கிப் போனாரே, அந்தக் கடையா? இப்படித்தான் காத்து எடுத்துக்கிட்டு இருந்தாராம். ஜாக் நழுவினதும் மேல மிதிச்சுக்கிட்டிருந்தவன் பயந்துபோய் காலை எடுத்துட்டு ஓடிட்டானாம், வண்டி அவர் மேலயே உருண்டுடுச்சாம். எந்த வண்டின்னு மட்டும் அவங்க மூச்சே விடல."

அன்று கணவனோடு போய் அந்தக் கடையிலிருந்து காரைத் திரும்ப எடுத்தபோது அடிப்பக்கமெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வாட்டர் வாஷ் ஃப்ரீ சார்" என்று கடைக்காரன் பல்லை இளித்தான். கணவன் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான். அட பாவிகளா! ஒரு மனுஷனைக் கழுவி ஊற்றிவிட்டு, இலவசம் என்று வேறு சொல்லியிருக்கிறீர்களே!

மெக்கானிக் மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். பக்கத்துக் கடைக்காரரை மிதிக்கச் சொல்லி, நாலு சக்கரத்தின் பிரேக் பைப்பிலும் இருந்த காற்றை எடுத்தார். கடைசியில் "விடுங்க" என்று தெரு கேட்கக் கத்தினார். பெடல் கல் மாதிரி நின்றது. "முடிஞ்சுதும்மா. பாவம், இனிமே போயிடுவாரு" என்றார்.

மறுநாள் காலை அவள் கணவனின் தடித்த ஷூவை மாட்டிக்கொண்டாள், உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ். சரிவில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. அப்பாடா!

மகள் இறங்கி, காருக்கு முன்னால் கடந்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டு வண்டிக்கடியில் போனது. மகள் மண்டியிட்டுக் குனிந்து கையை உள்ளே விட்டாள்.

பெடல் மூச்சு விட்டது.

கார் அரை அடி நகர்ந்தது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது தொளதொளவென்று கையோடு வந்தது. கத்த வாயைத் திறந்தாள்.

"அமுக்குங்க." காலடியில் கிசுகிசுப்பாகக் கேட்டது. "பிடிங்க. விடாதீங்க."

இரண்டு கால்களாலும் மிதித்தாள். சளக்கென்று எதிலோ புதைந்தது. ஷூவுக்குள், சாக்ஸுக்குள் வெதுவெதுவென்று கசிந்தது. தொண்டை வரை வந்த வாந்தியை விழுங்கினாள். காலை எடுக்கவில்லை. கார் நின்றது.

மகள் எழுந்து ஜன்னலோரம் வந்தாள். பாட்டிலில் கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ வழிந்தது. மூடியில் முடி ஒட்டியிருந்தது. அவள் அதை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கீழ ஒரு மாமா படுத்திருக்காரும்மா. அவர்தான் எடுத்துக் குடுத்தாரு. நாளைக்கும் உன்னையே வந்து மிதிக்கச் சொன்னாரு."