பத்தொன்பது இடியப்பம்

பிழை என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் அம்மாவைக் குறை சொல்லக்கூடாது.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் நானாமி அக்கா இருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்தவர், இங்குள்ள பெண்கள் அணியில் உதைபந்து விளையாடுகிறார். ஒருநாள் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

நானாமி அக்கா தட்டில் எதையும் மிச்சம் விடமாட்டார். அது அவருடைய மரியாதை. அம்மா விருந்தாளியின் தட்டைக் காலியாக விடமாட்டார். அது எங்கள் மரியாதை. இரண்டு மரியாதைகளும் நேருக்கு நேர் மோதின. அம்மா வைக்க வைக்க அக்கா முடித்தார். அக்கா முடிக்க முடிக்க அம்மா வைத்தார்.

"காணும் அம்மா" என்று நான் தடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அண்ணாவின் கைபேசியை எடுத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே வீடியோ எடுத்தேன். பத்தொன்பது இடியப்பம். அன்றே அதை அண்ணாவின் இணையப் பக்கத்தில் போட்டும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அக்கா இரண்டு கோல் அடித்தார். யாருக்கு வேண்டும்? பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம், "பத்தொன்பது! பத்தொன்பது!" என்று கூட்டம் கத்தியது.

மாடிப்படியில் அவரைப் பிடித்தேன். "அக்கா, என்மேல் கோபமா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"பரவாயில்லை," என்று தலை குனிந்து சிரித்தார். சிரித்தபடியே கதவைச் சாத்தினார். முன்பென்றால் என்னை உள்ளே கூப்பிடுவார்.

மூன்று கிழமையில் ஏழு தடவை கேட்டேன். ஏழு 'பரவாயில்லை' கிடைத்தது. பதினொரு வயதில் ஒருவருக்கு இவ்வளவு களைப்பு வரக்கூடாது.

அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன கோபம்? வடிவாச் சிரிக்கிறாதானே. நீ போய்ப் படி."

சேயோன் அண்ணாவிடம் போனேன். "அண்ணா, அந்த வீடியோவை அழிப்பமே?"

"தர்மிகா, உனக்கென்ன விசரே? ஆறு லட்சம் பேர்! இவ்வளவு பேர் என்னை எப்ப பாத்தவை?"

"உன்னை எங்க பாத்தவை? அதில உன்ர மூக்குக்கூட இல்லை."

வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். 'நூடுல்ஸ் பெண்.' 'பசிப் பேய்.' அரை மணி நேரம் வாசித்து என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"ஒருத்தரும் அவவின்ர கோலைப் பற்றிக் கதைக்கேல்லை. ரெண்டு கோல், அண்ணா. ரெண்டும் இடது காலால."

அண்ணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, நீயே அழி. என்னைப் பாக்கச் சொல்லாத."

அழித்துவிட்டு மேலே போனேன். நானாமி அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் போட்டதை அழித்துவிட்டோம். மற்றவர்கள் எடுத்துப் போட்டதை என்னால் அழிக்க முடியாது. உங்களைக் கேட்காமல் எடுத்தது பிழை. மன்னித்துவிடுங்கள். ஆனால் அக்கா, தயவுசெய்து 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னால் தாங்க ஏலாது."

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பையைத் தள்ளி இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.

"கோபம்தான்," என்றார். "நிறையக் கோபம். ஐந்தாவதிலேயே என் வயிறு நிறைந்துவிட்டது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துச் சிரித்து எண்ணினாய். இனி வீடியோ எடுப்பதென்றால் முதலில் என்னைக் கேள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேள்."