காலியாக இருந்த பெயர்க் கட்டம்

இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். ஐந்து மணிக்கு வக்கீல் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். வஜீரிஸ்தானில் ட்ரோன் தாக்கிச் செத்த முப்பத்தொரு பேரின் விவரமும் அவரோடு கடல் தாண்டிப் போகும். ட்ரோனை அனுப்பிய அரசு, பெயர் உள்ள சாவை மட்டும்தான் விசாரிக்குமாம். அது அவர்கள் கொள்கை.

முப்பது படிவங்கள் முடிந்துவிட்டன. ஒன்றில் மட்டும் பெயர்க் கட்டம் காலி. 'ஜான்பாஸின் தாய்' என்பதோடு நின்றிருந்தது. வீட்டுப் பெண்களின் பெயரை ஆண்கள் வெளியே சொல்வதில்லை. மற்ற வீடுகளில் பெண்கள் உள்ளறைக்குக் கூட்டிப்போய் படிவம் நிரப்பும் சர்மினாவின் காதில் சொன்னார்கள். ஜான்பாஸ் வீட்டில் அப்படிச் சொல்ல ஒரு பெண்ணும் மிச்சமில்லை.

அவன் அலுவலக வாசலில் நின்றான்... சொட்டச் சொட்ட நனைந்து.

சர்மினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினோரு நாட்களுக்கு முன்பும் இதே பெஷாவர் மழை. ஒரே ரிக்‌ஷாவை இருவரும் கைகாட்டி நிறுத்த, இவள் சண்டைக்கே போய்விட்டாள். அவன் சிரித்துக்கொண்டே மழையில் நடந்தான். மறுநாள் பார்த்தால், படிவத்தோடு இவள் மேஜைக்கு எதிரில்!

"ஒரு குடை வாங்கக் கூடாதா லாலா?"

"மழைன்னா எங்க ஊர்ல கொண்டாட்டம் பீபி. மேகம் இருந்தா ட்ரோன் வராது. வானம் நீலமா இருந்தாத்தான் ஓடுவோம்... அப்புறம், அந்த லாலாவை விட்டுடுங்களேன்."

"ஏன்? வர்ற எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடறேன்?"

"எல்லாருக்கும் அண்ணனா இருந்துட்டுப் போறேன். உங்களுக்கு மட்டும் வேணாம்..."

ஈர இமைகளுக்குக் கீழே அந்தப் பழுப்புக் கண்கள்... சர்மினா அவசரமாகப் படிவத்தைப் பார்த்தாள்.

"பேரைச் சொல்லுங்க."

சிரிப்பு அணைந்தது. "எங்கப்பாவே வெளியாள் முன்னாடி அந்தப் பேரைச் சொன்னதில்ல. உயிரை எடுத்தவங்க கையில இப்ப பேரையும் கொடுக்கணுமா?"

"கொடுக்கலைன்னா அவங்களே ஒரு பேர் வைப்பாங்க. தீவிரவாதின்னு. தந்தூர்ல ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த உங்கம்மாவுக்கு."

அவன் முகம் இறுகியது. எழுந்தான். கதவு வரை போய்விட்டான்.

போகட்டும் என்று விடத்தான் நினைத்தாள். முடியவில்லை. வீட்டுப் பெண்ணின் பெயரை வெளி ஆணிடம் இவளும் இதுவரை சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால்...

"எங்கம்மா பேரு... ஜைத்தூனா."

அவன் திரும்பினான்.

"என்ன சொன்னீங்க?"

"திரும்பச் சொல்ல மாட்டேன்." காது மடல் கொதித்தது. "ஒரு தடவை சொல்றதுக்கே உயிர் போயிடுச்சு."

"அதை ஏன் எங்கிட்ட..."

"வெளியாள்கிட்டதானே சொல்லக் கூடாது?"

மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவன் மெல்ல வந்து உட்கார்ந்தான். கண்களில் நின்ற நீரை மழைநீர் போலத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கே எங்க மாமா பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு உங்கப்பாவைப் பார்க்க வருவாரு. சம்மதமா?"

அவள் தலை நிமிரவில்லை. "முதல்ல கட்டத்தை நிரப்பணும்..."

"சம்மதமான்னு கேட்டேன், சர்மினா."

பீபி இல்லை. பெயர். அவன் வாயில் அது புதிதாக இருந்தது.

"பெரியவங்களை மழை விட்டதும் வரச் சொல்லுங்க," என்றாள். "அப்பாவுக்குத் தரை ஈரமானா பிடிக்காது."

அவன் சிரித்தான். பிறகு இரு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டான். அவள் பேனாவைத் திறந்தாள்.

"எழுதிக்கோ," என்றான். "எங்கம்மா பேரு மர்கலரா."