ஏர் செலோரா... கேப்டனைக் காணோம்!

"ஐயோ... ரத்தம்!"

திருவிடந்தை ரிசார்ட்டில், அறை சுத்தம் செய்ய வந்த பணிப்பெண் பாப்பா அலறிய அலறலில் காக்கைகள் பறந்தன.

படுக்கை முழுக்கச் சிவப்பு. கேப்டன் நூர்முகமதுவைக் காணவில்லை!

பத்தே நிமிடத்தில் வந்து நின்றார் இன்ஸ்பெக்டர் பூபாலன்.

"யாரும்மா இந்த கேப்டன்?"

"ஏர் செலோரா பைலட்டு சார்," என்றாள் ஜாக்குலின். அந்த விமான நிறுவனத்தின் சென்னை மேனேஜர். "செலோரா ஒரு குட்டித் தீவு நாடு. மத்தியானம் ஃப்ளைட்டு. இங்க ஆபரேஷன் பண்ணிக்கினு ஊருக்குத் திரும்புற பேஷன்ட்டுங்க நாப்பது பேரு காத்துக்கினு கீறாங்க!"

"வேற ப்ளேன்ல அனுப்பு."

"வேறயா? எண்பத்தி மூணுல ஆரம்பிச்சப்போ மூணு இருந்துச்சு. ஒண்ணு கடல்ல எறங்கிடுச்சு. ஒண்ண ஸ்பேர் பார்ட்ஸுக்காகப் பிரிச்சுட்டோம். மிச்சம் ஒண்ணே ஒண்ணு!"

"கூடுவாஞ்சேரி ஷேர் ஆட்டோக்காரனே மூணு வண்டி வெச்சிருக்கான்மா!"

பூபாலன் குனிந்தார். சிவப்பைத் தொட்டார். முகர்ந்தார். நக்கினார்!

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தக்காளி சாஸ்!"

அந்த நொடி... பீரோ தும்மியது!

கதவைத் திறந்தார். உள்ளே... சட்டையெல்லாம் சாஸோடு கேப்டன்!

"இன்னாய்யா கூத்து இது?"

நூர்முகமது வெளியே இறங்கினார். "இடது எஞ்சின்ல விரிசல் சார். என் கண்ணால பார்த்தேன். சேர்மன்கிட்ட சொன்னா, 'நீ ஓட்டலைன்னா வேற ஆளு ஓட்டுவான்'னுட்டாரு. கொலைன்னா போலீஸ் ப்ளேனையே நிறுத்திடும்ல? நாப்பது உசுரு சார்!"

"பொய்!"

வாசலில் கோட்டு சூட்டோடு சேர்மன் தீனதயாளன்.

"விரிசலாவது, மண்ணாவது! ப்ளேன் கல்லு மாதிரி இருக்கு. வேற பைலட் ரெடி!"

ஜாக்குலின் முன்னால் வந்தாள். வேலை போய்விடும். போகட்டும்!

"ரொம்ப சந்தோஷம் சார். நாளைக்கு செலோராவுல உங்களுக்கு போர்டு மீட்டிங். இதே ஃப்ளைட்டுல ஏறிடுங்க. இடது பக்கம், எஞ்சினை ஒட்டி ஜன்னல் சீட்டு!"

தீனதயாளன் முகம் ரத்தம் வற்றி வெளிறியது. வற்றியது சாஸ் இல்லை, நிஜ ரத்தம்!

"அது... எனக்கு... செங்கல்பட்டுல ஒரு கல்யாணம்..."

"மீட்டிங்கு?" ஜாக்குலின் விடவில்லை.

"நான்... நான் பஸ்ல போயிக்கிறேன்!"

பூபாலன் போனை எடுத்தார். "ஏர்போர்ட்டா? அந்த ப்ளேன் ஒரு இன்ச் நகரக் கூடாது!"

பிறகு சேர்மனின் தோளில் செல்லமாகக் கை போட்டார்.

"தீவுக்கு பஸ் எங்கேர்ந்து சார்... கிளாம்பாக்கமா, கோயம்பேடா?"