கீறி அடித்த பலகையில் பெய்த மழை

வாருங்கள், வாசகர்களே! ஓர் அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். இதோ மழைக்காட்சி ஒன்றைச் செதுக்கிய மரப்பலகை. அதன்மேல் மூலைக்கு மூலை இழுத்த இரண்டு கீறல்கள். அச்சுக் கலைஞர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: வேண்டிய படிகளை எடுத்து முடித்தபின் பலகையைக் குறுக்கே கீறி அடித்துவிடுவார்கள், இனி அதில் எவரும் படி எடுக்கலாகாது. ஆனால் இந்தப் பலகையிலிருந்து ஒரு படிகூட எடுக்கப்படவில்லை! செதுக்கியவளே, தன் கையாலேயே அடித்தாள். அடிக்க வைத்தது யார்? நகக்கண்ணில் மை படிந்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்ட நம் வீட்டுக் கூடங்கள்!

நான்கு ஆண்டுகள் ஓடின. அந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை. அவள் உளியைத் தொடவும் இல்லை.

ஆகஸ்ட் மாலை ஒன்றில் ரிச்சர்ட்ஸ் டவுனில் திடீரென மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெண், வித்யாலட்சுமி, திறந்திருந்த கண்காட்சிக் கூடம் ஒன்றில் ஒதுங்கினாள். துப்பட்டா நுனியைப் பிழிந்தபடி நிமிர்ந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் அவளுடைய மழை! தொம்மலூர் மேம்பாலத்தடியில் ஒதுங்கிய பெண்கள்... கூடையைத் தலையில் கவிழ்த்த பூக்காரி...

"இத யாரு மாட்டினது?"

"நான்தாங்க." பின்னறையில் அச்சிட்டுக்கொண்டிருந்த ஒருவன் ஓடிவந்தான். மூக்கின்மேல் ஈர மை. மழை பார்த்த குழந்தையின் கண்கள். "பேரு ப்ரஹ்லாத். பிடிச்சிருக்கா?"

"பிடிக்கிறதா? இது என் பலகை சார்! நான் அடிச்சுப் போட்டது. அடிச்ச பலகையில பிரிண்ட் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"அய்யோ... நீங்கதானா அது?"

"பேச்ச மாத்தாதீங்க."

"தொம்மலூர் ஸ்டூடியோவ காலி பண்ணப்ப குப்பையில கெடந்துச்சுங்க. பேரே இல்ல. மூணு வருஷமா நான் கேக்காத ஆளில்ல. தப்புதான், ஸாரி... இப்பவே எறக்கிடறேன். ஒரே ஒரு தடவ கிட்ட வந்து பாருங்க."

போய்விடு என்றது தன்மானம். ஆனால் கால்கள் படத்தை நோக்கி நடந்தன.

செதுக்கும்போது இடப்புறம் இருந்த பூக்காரி அச்சில், கண்ணாடிப் பிம்பம்போல, வலப்புறம் நின்றாள். கீறல் விழுந்த இடத்தில் மை பிடிக்கவில்லை. இரண்டு வெள்ளைக் கோடுகள் மின்னலாக வெட்டி, அத்தனை பெண்களின் முகத்திலும் வெளிச்சத்தை வாரி இறைத்திருந்தன. அன்று அழித்ததாக எண்ணியது, இன்று இப்புறமிருந்து பார்க்கையில் ஒளி!

இடமூலையில் 'ஒரே படி' என்று பென்சில் எழுத்து. கலைஞர் பெயர் எழுதும் வலமூலை வெறுமையாக இருந்தது.

"பேரு போடலையா நீங்க?"

"செதுக்கினது நானில்லையே. வர்றவங்களுக்காக எடம் விட்டேன். இந்தக் கோட்ட இழுத்தவங்களுக்குப் பயமே கெடையாதுன்னு நெனச்சேங்க."

"பயந்துதான் இழுத்தேன்..." அவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு."

அவன் படத்தை இறக்கிச் சட்டத்தைக் கழற்றினான், பென்சிலை நீட்டினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? மூணு வருஷமா இந்தக் கையத்தான் காதலிச்சிட்டிருக்கேன்... மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"மொகம் வந்ததுலேர்ந்து திட்டுதே?"

"பர்வாயில்ல. கையி இதவிட நல்லாத் திட்டியிருக்கு, சுவத்துல."

அவள் சிரித்தேவிட்டாள். பென்சிலை வாங்கி, ஓரெழுத்தும் சுருக்காமல் எழுதினாள்: வித்யாலட்சுமி. பிறகு அவன் மூக்கிலிருந்த மையை விரலால் துடைத்தாள். நகக்கண் கறுத்தது.

"அச்சச்சோ, அது லேசுல போகாதுங்க!"

"போக வேணாம். இந்தக் கையோடயே அப்பா முன்னாடி போய் நிக்கப்போறேன்..." கண்கள் தாழ்ந்தன. "நீங்களும் கூட வாங்க. தனியா நிக்க இனிமே எனக்குப் பிடிக்கல."

பெற்றோரே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி அடிக்கப்பட்ட பலகை ஒன்று கிடக்கும். அது உங்கள் மகளுடையது. இன்றே இறக்குங்கள்! மை தடவுங்கள்! பென்சிலை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். பெயரை அவளே எழுதட்டும்!