விளிம்பில் ஒரு கறை

மத்தியானம் மூன்று மணி வெயிலில் சிங்கப்பூரின் ஜாலான் புசார் வெந்துகொண்டிருந்தது. குழாய்க் கடை, பூட்டுக் கடை, கயிற்றுக் கடை எல்லாம் தாண்டி நான் தேடிப் போன பாருக்குப் பெயர்ப்பலகையே இல்லை. இப்போதெல்லாம் பலகை வைக்காமல் இருப்பதுதான் பணக்காரத்தனம். கறுப்புக் கதவு, பித்தளைப் பிடி, அவ்வளவுதான். திறப்பதற்கு முந்தின வாரம், பார்களைப் பற்றி எழுதுகிறவர்களை மட்டும் பகலில் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். அப்படித்தான் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. அழைப்பில் இருந்த கதவு எண்ணை நான் கவனிக்கவில்லை.

கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்த பிறகுதான் தரையைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாகப் பழைய பூப்போட்ட ஓடுகள். வாசலிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒன்று குறுக்காக உடைந்திருந்தது.

அந்த உடைசல் எனக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் முத்தையா என்பவர் இங்கே பீர்க்கடை நடத்தினார். பிளாஸ்டிக் நாற்காலி, ஓயாமல் ஓடும் டிவி, கப்பல் பட்டறையிலிருந்து வந்து சத்தமாகப் பேசும் ஆண்கள். அந்தக் கடையைப் பற்றி நான் எழுதினேன். நாலு மாதத்தில் கடை இல்லை.

"உமா! வா வா." பிரபாகர் கவுண்டருக்குப் பின்னாலிருந்து கை ஆட்டினான். இந்தப் புது பாரின் மேனேஜர். நகரத்தில் மூன்று இடங்களில் எனக்கு ஊற்றிக் கொடுத்தவன். "நடுவர் குழுவுல உன்னையும் போட்டுட்டாங்களாமே. கங்கிராட்ஸ் லா. இனிமே உனக்குப் பயந்துதான் ஊத்தணும்."

"இப்ப மட்டும் என்ன, தைரியமாவா ஊத்துறே?"

"ஒன்னு சொல்லட்டுமா? இந்த எடம் எங்களுக்குக் கெடச்சதே உன்னாலதான். ஒரே ஒரு ரிவ்யூ. பழைய கடை க்ளோஸ். உனக்கு இங்க ஒரு செலையே வைக்கலாம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா பத்தொன்பது வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டில் கிளாஸ் கழுவி என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா பின்வாசலால் மட்டுமே நுழைந்த அதே ஹோட்டலின் லவுஞ்சுக்கு, முதல் சம்பளம் வந்ததும் முன்வாசலால் போய் உட்கார்ந்தேன். பானம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். நன்றாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே அனுப்பினேன். அன்றிரவு அதை எழுதினேன், ஊரே வாசித்தது. பிறகு லிட்டில் இந்தியாவின் முட்டுச்சந்துக் கடைகள் முதல் மரினா பக்கத்து மொட்டைமாடி பார்கள் வரை எதையும் விடவில்லை. கறாரான பெண் என்று பெயர் வந்தது. இந்த வருடத்தின் சிறந்த பார்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடமும் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் அதைப் பக்கத்து வீட்டு ஜைனப் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிரபாகர் முதல் கிளாஸை வைத்தான். பாண்டான் இலை வாசம், கொஞ்சம் புளிப்பு. ஒரு வாய் குடித்தேன். படம் எடுப்பதற்காகக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

விளிம்பில் உதட்டுச் சாயம் இல்லை.

நான் போடுவது நாவல்பழ நிறம். எங்கே குடித்தாலும் ஒட்டும். படத்துக்கு முன் டிஷ்யூவால் துடைப்பது என் பழக்கம். நானே துடைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்தேன். இன்னொரு வாய் குடித்தேன். இந்தத் தடவை கவனமாக உதட்டை அழுத்தினேன். கறை ஒட்டியது, பார்த்தேன். மெனு அட்டையை எடுத்து ஒரு பக்கம் புரட்டிவிட்டுத் திரும்பினேன்.

விளிம்பு பளபளவென்று இருந்தது.

தொட்டுப் பார்த்தேன். பானம் சில்லென்று இருந்தது. விளிம்பில் மட்டும் கதகதப்பு. யாரோ துணியால் அப்போதுதான் துடைத்த கதகதப்பு.

அப்புறம்தான் வாசம் வந்தது. இந்த பாரின் சந்தன ஊதுவத்தியைத் தாண்டி, பின்னாலிருந்து, மெல்ல. எலுமிச்சைச் சோப்பு. ஈரத் துணி. அதற்கடியில் பழைய பீரின் புளிப்பு. கூடவே ஒரு சத்தம். கிளாஸுக்குள் துணியை விட்டுத் திருகும்போது வரும் 'கீச்'. ஒரு கீச். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி ஒரு கீச்.

"பின்னால யாரு?" என்றேன்.

"யாருமில்லியே. ஸ்டாஃப் எல்லாம் அஞ்சு மணிக்குத்தான்."

"கிளாஸ் கழுவுற சத்தம் கேக்குது."

"இங்க மெஷின்தான் உமா. கையால யாரு கழுவுறா இப்பல்லாம்?" அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நீ சாப்ட்டியா?"

கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தேன். நீளமான நடை. பழைய கடைவீடுகளில் பின்பக்கம் போகப் போக வெளிச்சம் செத்துவிடும். வலது பக்கம் ஒரு சின்ன அறை. கதவில்லை. பழைய சிமெண்டுத் தொட்டியை இடிக்காமல் அப்படியே விட்டு, மேலே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

பெட்டிகளுக்கு மேலே, மஞ்சள் பல்பின் பக்கத்தில், ஒரு கிளாஸ் அந்தரத்தில் இருந்தது.

மெதுவாகத் திரும்பியது. வெளிச்சத்தில் அழுக்கு பார்க்கிறவர்கள் திருப்புவது போல.

நின்றது. விளிம்பு என் பக்கம் பார்த்தது.

நான் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். பின்கழுத்தில் மூச்சு. திரும்புவதற்குள் ஈரமான, சொரசொரப்பான ஏதோ ஒன்று என் வாயை அழுத்திப் பிடித்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். கோபத்தோடு இல்லை. அதுதான் பயங்கரம். பொறுப்பாக, வேலை தெரிந்தவர்கள் தேய்ப்பது போல, கறை போகும்வரை தேய்த்தது.

கண்ணாடியில் பார்த்தேன். உதட்டில் சாயம் துளிகூட இல்லை. கீழுதடு கன்றி, ஒரு புள்ளி ரத்தம்.

மேலுதட்டில் எனக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. ஆறு வயதில் படிக்கட்டில் விழுந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தபோது, மூன்று வருடமாக நான் பார்க்காமல் தவிர்த்த ஒன்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

முத்தையா கடையைப் பற்றிய அந்த ரிவ்யூ ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம் ஒரு படம். பீர் கிளாஸின் விளிம்பில் அப்பியிருந்த உதட்டுச் சாயம். பின்னணியில், தொட்டிக்குப் பக்கத்தில், குனிந்து கழுவிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்ணின் முகம். யாரோ குடித்த எச்சில் கிளாஸைக் கழுவாமல் கொடுத்தார்கள் என்று எழுதினேன். கழுவியது யார் என்று படமே சொன்னது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறை நாவல்பழ நிறம். மேல்பக்கம் ஒரு சின்ன வெட்டு.

அது என் உதடு. ஒரு வாய் குடித்துவிட்டு, மறந்து, படம் எடுத்திருக்கிறேன்.

நான் இறங்கும் செங்காங் வருவதற்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். அந்த வெட்டு தெரியாதபடி ஓரத்தை நறுக்கிவிட்டு, படத்தைப் போட்டேன்.

வெளியே வந்ததும் பிரபாகரிடம் கேட்டேன். "பழைய கடையில கழுவிட்டிருந்தாங்களே ஒரு அம்மா. அவங்க எங்க?"

"பஞ்சவர்ணம் அக்காவா? தவறிட்டாங்க லா. போன வருஷம்." கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே சொன்னான். "முத்தையா அண்ணந்தான் சொன்னாரு. உன் படம் வந்த மறுநாளே அனுப்பிட்டாராம். வேற வழியில்லியே அவருக்கு. அப்புறம் எங்கயும் வேலைக்கு எடுக்கல. போற எடமெல்லாம், நீதானே அந்த போட்டோல இருந்ததுன்னு கேட்டிருக்காங்க." நிமிர்ந்து பார்த்தவன் நிறுத்தினான். "ஏய், வாய்ல என்ன? ரத்தம்!"

வெயிலுக்குள் ஓடினேன்.

அதன் பிறகு மூன்று வாரம். காத்தோங்கில் ஒரு வைன் பார். ஆறு மணி, கண்ணாடி ஜன்னல் முழுக்க வெளிச்சம். குடித்தேன்; விளிம்பு சுத்தம். மரினாவில் மொட்டைமாடி, சுற்றிலும் நூறு பேர். என் கிளாஸ் மட்டும் மேசையில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சாயம் போடுவதை விட்டேன். அப்படியும் தேய்த்தது. அலுவலகத்தில், பஸ்ஸில், எலுமிச்சைச் சோப்பு வாசம் வந்தால் நான் வாயைக் கையால் பொத்திக்கொள்வேன். கையை விலக்கிவிட்டுத் தேய்க்கும்.

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? அந்த ரிவ்யூவைச் சத்தமில்லாமல் அழித்தேன். ஒரு விளக்கமும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. நடுவர் குழுவின் முதல் கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அது கைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர் ஊரில் அழுக்காகக் கிடக்கட்டும், என் பெயர் சுத்தமாக இருந்தால் போதும். அப்படிப்பட்டவள்தான் நான்.

மறுநாள் காலை தலையணை உறை சிவந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "வெயில்ல அலையாதன்னா கேக்குறியா? ஒதடு பூரா வெடிச்சிருக்கு" என்று தேங்காயெண்ணெய் தடவினாள். அவள் விரல் பட்டதும் நான் கத்திவிட்டேன். அவள் விரலும் அதே சொரசொரப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். கறை என்னுடையது. தெரிந்தே போட்டேன். பஞ்சவர்ணம் என்ற பெண் எனக்குக் கொடுத்த கிளாஸில் ஒரு அழுக்கும் இல்லை. பெயரோடு வெளியிட்டேன். நாற்பதாவது நிமிடம் நடுவர் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று வரி. என் சேவைக்கு நன்றியாம்.

போகட்டும் என்று மூச்சு விட்டேன். உதடு எரியவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக எச்சிலை விழுங்கும்போது வலிக்கவில்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மத்தியானப் பாத்திரங்களைக் கழுவுகிறாள். நடுநடுவே யாரிடமோ பேசுகிறாள். சின்னம்மாவாக இருக்கும், போனில்.

அம்மாவின் போன் என் எதிரில் சார்ஜில் கிடந்தது.

"உமா," அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "யாருடி இந்தம்மா? உன்னப் பாக்க வந்தாங்களாம். உக்காருங்கன்னு சொல்லிட்டே இருக்கேன், சிங்க் பக்கத்துலயே நிக்குறாங்க. என்னய கழுவவே விட மாட்றாங்க."

வாசல் கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"அம்மா. இங்க வா."

"இரு. ஏதோ கேக்குறாங்க." அம்மாவின் குரல் தணிந்தது. "இவங்களப் பத்தி நீ எழுதுனியாமே?"

"இன்னிக்குத்தான் எழுதிட்டேம்மா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எல்லாத்தையும் உண்மையா எழுதிட்டேன். சொல்லு அவங்ககிட்ட."

உள்ளே ஒரு முணுமுணுப்பு. அம்மா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள்.

"இது இல்லயாம். மொதல்ல எழுதினது வேணுமாம். அவங்களுக்குப் படிக்கத் தெரியாதாம்டி. வேலய விட்டு அனுப்புனப்ப, என்ன எழுதியிருக்குன்னு எல்லார்கிட்டயும் கேட்டாங்களாம். யாருமே வாய் தொறக்கலயாம்." குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அம்மா மெதுவாகச் சொன்னாள். "நீயே படிச்சுக் காட்டணுமாம்."

இணையத்தில் அழித்திருந்தேன். கணினியில் பழைய பிரதி இருந்தது. திறந்தேன். வேறு என்ன செய்வது?

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "படி. நானும் கேட்டதில்லியே" என்றாள். மகள் எழுதியதைக் கேட்கப்போகும் பெருமைகூட அவள் முகத்தில் கொஞ்சம் இருந்தது.

படித்தேன். கடையின் நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். வாடிக்கையாளர்களைக் கேலி செய்ததைப் படித்தேன். உங்களிடம் இதுவரை சொல்லாமல் மறைத்த வரி அதற்கடுத்து வந்தது. நிறுத்தினேன். உள்ளே குழாய்ச் சத்தம் கொஞ்சம் குறைந்தது, காது கொடுத்துக் கேட்கிறவர்கள் குறைப்பது போல.

"'கிளாஸ் கழுவிப் பிழைப்பவர்களுக்கு மூளை இருக்காது என்பது தெரிந்ததுதான். குறைந்தபட்சம் கையாவது இருக்க வேண்டாமா?'"

அம்மா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சோப்பில் வெளுத்து, விரல் மடிப்புகள் வெடித்த கைகள். மெதுவாக அவற்றை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டாள்.

கடைசி வரிவரை படித்து முடித்தேன்.

குழாய் நின்றது.

அம்மா என் எதிரில்தான் இருந்தாள். தலை குனிந்து, வாய் மூடி. அவள் உதடு அசையவே இல்லை.

சமையலறையிலிருந்து, ரொம்பப் பொறுமையாக, ஒரு குரல் வந்தது.

"இன்னொரு தடவ படிம்மா."